நான்காவது மெஷினின் தூண்கள்

அக்கா,

இன்று காலை பிரிண்டரிலிருந்து சூடாக வந்த சார்ட் தாளில் உங்கள் பெயர் இருந்தது. பெயருக்கு மேல் தூண் இல்லை. இரண்டு பக்கமும் நீலத் தூண்கள் நிற்க, நடுவில் பல் விழுந்த மாதிரி ஓர் இடைவெளி. மாதா மாதம் பழைய அட்டவணையை நகலெடுத்துத்தான் எண்களை மாற்றுகிறேன். நீங்கள் இறந்து நான்கு மாதமாகியும் உங்கள் வரியை அழிக்கக் கை வரவில்லை.

"அந்தப் பேர எடுத்துரும்மா, சார்ட்டுல ஓட்ட தெரியுது," என்றார் சூப்பர்வைசர் அண்ணன். திட்டவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்.

அதற்குப் பிறகு நடந்ததை உங்களிடம் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டுவிட்டு, தெப்ராவிலுள்ள இந்த பிளாஸ்டிக் மூடித் தொழிற்சாலைக்கு நான் வந்தபோது யாரோடும் பேச மாட்டேன். "வாய வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டியா?" என்று தினமும் கேட்பீர்கள். பேசாத பிள்ளை என்றுதானோ என்னவோ, ரிஜெக்ட் ஆகும் மூடிகளின் எண்ணிக்கையை எக்செலில் ஏற்றும் வேலையை எனக்குத் தந்தார்கள். அங்கே இங்கே அழுத்திப் பார்த்துத் தூண் சார்ட் போட நானே கற்றுக்கொண்டேன். ஒரு தட்டு தட்டினால் போதும், வெறும் எண்கள் எழுந்து நிற்கும்! அந்த ஆசையில், யார் கையில் எத்தனை மூடி வீணாகிறது என்று ஆளுக்கொரு தூண் போட்டு பலகையில் ஒட்டிவிட்டேன்.

உங்கள் தூண் மட்டும் செம்பனை மரம் மாதிரி உயர்ந்து நின்றது.

"திங்கக்கிழமையிலருந்து நீங்க பேக்கிங்குக்குப் போங்க," என்றார் அண்ணன். பதினொரு வருடம் மெஷினில் உட்கார்ந்த நீங்கள், எதற்கும் பதில் வைத்திருக்கும் நீங்கள், தலையை மட்டும் ஆட்டினீர்கள். என் சார்ட்தான் உங்கள் வாயை அடைத்தது.

அன்று மதியம் சாப்பிடப் போகாமல் அட்டவணையைப் பிரித்தேன். ஆளுக்கு ஒரு வரி, மெஷினுக்கு ஒரு பத்தி, ஒரு நாளைக்கு எத்தனை ரிஜெக்ட் என்று நிரப்பினேன். பிறகு வரியையும் பத்தியையும் இடம் மாற்றும் பொத்தானை அழுத்தினேன். அடியில் இருந்த ஆள் பெயர்கள் போய் மெஷின் எண்கள் வந்தன; ஆளுக்கொரு நிறத்தில் தூண்கள் எழுந்தன. அக்கா, நான்காவது மெஷின்மேல் எல்லாருடைய நிறமும் உயரமாக நின்றது. மற்ற மூன்றிலும் உங்கள் பச்சைதான் எல்லாரையும்விடக் குட்டை. வேகமான ஆள் என்று உங்களையே அந்த மெஷினில் அதிக நாள் உட்கார வைத்திருந்தார்கள்.

ஓடி வந்து உங்கள் காதில் சொன்னேன். "அலமாக்!" என்று வியந்து கத்தினீர்கள். "நான் போய் சொன்னா எனக்காகப் பேசுறேன்னு நெனப்பாங்க லா. நீ சொல்லு."

நான் சொல்லவில்லை. தாளை நீட்டி, நான்காவது மெஷினை விரலால் தொட்டேன், அவ்வளவுதான். அண்ணன் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிட்டார். மூடி வார்க்கும் அச்சில் தேய்மானம். நீங்கள் பேக்கிங்குக்குப் போகவில்லை. "விரலு பேசிருச்சு, வாய் எப்ப பேசும்?" என்று சிரித்தீர்கள்.

இன்று உங்கள் வரியை அழித்தேன். தூண்கள் நகர்ந்து இடைவெளியை மூடிக்கொண்டன. புதுத் தாளைப் பலகையில் ஒட்டியபோது, சாஆ ஊரிலிருந்து வந்து போன மாதம் சேர்ந்த பிள்ளையின் தூண்தான் உயரமாக நின்றது. "இந்தப் பொண்ண பேக்கிங்குக்கு..." என்று அண்ணன் ஆரம்பித்தார். அவள் தலை குனிந்துகொண்டாள்.

"இருங்கண்ணே," என்றேன். காலைக் கூட்டத்தில், இருபது பேர் முன்னால், என் வாய்தான்! "ஆள வச்சுப் போட்டது இது. மெஷின வச்சுத் திருப்பிப் பாத்துட்டு அப்புறம் பேசலாம்."

திருப்பினால் என்ன வரும் என்று எனக்குத் தெரியாது. தப்பு அவளுடையதாகவும் இருக்கலாம். ஆனால் திருப்பாமல் இனி ஒரு தாளையும் ஒட்ட மாட்டேன். இதோ, எண்களை ஏற்றி முடித்துவிட்டேன். அவள் பக்கத்திலேயே நிற்கிறாள். பொத்தானை அழுத்தப் போகிறேன், அக்கா.