பின்சக்கரத்தில் சிவப்பு நூல்

ஏங்க, நீங்கள் அசந்து தூங்கியதால் எழுப்பவில்லை. சாப்பாடு அடுப்படியில் மூடியிருக்கிறது. சாப்பிட்டபின் மாத்திரை.

நேற்று மழையில் வரும்போது என் சைக்கிள் திடீரென்று மிதிக்கவே முடியாமல் இறுகியது. செயின் துருப்பிடித்ததோ என்று எண்ணெய் விட்டேன், பலனில்லை. பிரேக்கும் உரசவில்லை. இன்று காலை செயினைக் கழற்றினேன். பெடல் பம்பரமாகச் சுற்றியது. பின்சக்கரம்தான் முரண்டு பிடித்தது. பார்த்தால், பல்சக்கரத்துக்குப் பின்னால் அச்சில் சிவப்புக் கம்பளி நூல், நனைந்து கயிறாக இறுகிக் கிடக்கிறது.

நான் பின்னித் தந்த மப்ளர். "பஸ்ல தொலைச்சுட்டேன்"னு சொன்னீங்களே, அந்த பஸ் எப்போது என் சைக்கிளில் ஏறியது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்காதீர்கள். இதய ஆபரேஷன் செய்த டாக்டர், "சைக்கிள் பக்கமே போகக்கூடாது"ன்னு சொன்னப்ப, தலையாட்டியது யார்?

மதியம் உங்கள் தங்கை வருவாள். அவளிடமும் பஸ் கதையை அளக்காதீர்கள். சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறேன். மாற்றுச் சாவியும் என் பையில்.

பி.கு.: நூலை அறுத்து எடுக்கும்போதுதான் உறைத்தது. அதன் மறுமுனை உங்கள் கழுத்தில்தானே இருந்தது?