சைக்கிளோடு நீ நின்ற படம்

போன ஞாயிற்றுக்கிழமை உன் மகள் வந்திருந்தாள். பீரோவைக் காலி செய்தபோது உன் கல்யாணப் புடவையின் மடிப்பில் கிடைத்ததாம். பழைய ஸ்டூடியோ படம் ஒன்றை என் கையில் வைத்தாள்.

"பெரிம்மா, அம்மா சைக்கிளப் பிடிச்சினு நிக்குது பாரு. பின்னாடி கேரியர்ல ஒரு கை மட்டும் தெரியுதே, அது யாரு?"

என் கைதான் என்றேன்.

நம் ஊரிலிருந்து மாதனூரில் ஷூ கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தால் முக்கால் மணி நேரம். இரண்டு முறை பஸ்ஸை விட்டு, வேலையே போகும் நிலை வந்ததும் நீ சைக்கிள் வாங்கிவிட்டாய். நீ மிதிப்பாய். நான் இரண்டு பேர் சாப்பாட்டுக் கூடையையும் மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருப்பேன். ஷூவுக்கு மேல்தோல் தைத்துத் தைத்து நம் விரல் நுனிகள் மரத்துப்போயிருந்த காலம் அது.

அந்த வருடம்தான் சோளிங்கரிலிருந்து உனக்கு வரன் வந்தது. பெண்ணின் படம் கேட்டார்கள். ஆம்பூர் ஸ்டூடியோவுக்குள் நீ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நுழைந்ததும் போட்டோக்காரர் விழித்தார்.

"பொண்ணு போட்டோவுக்கு சைக்கிள் இன்னாத்துக்கும்மா? பூச்சாடி இருக்குது, பக்கத்துல நில்லு."

"ஓட்டுற பொண்ணுன்னு தெரிஞ்சே வரட்டுங்கண்ணா. கட்டினப்புறம் தெரிஞ்சா பேஜாரு."

ஸ்டாண்டு சரியில்லை. வண்டி சாயாமலிருக்க நான் கேரியரைப் பிடித்தேன். நீ திரும்பிப் பார்த்தாய்.

"நீயும் வந்து நில்லுடி. ரெண்டு பேருந்தானே இதுல போறோம்."

"எங்க வூட்ல பாத்தா தொலைச்சிடுவாங்க" என்று திரையின் ஓரத்துக்கு ஒதுங்கி, கையை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றேன்.

சோளிங்கர்க்காரர்கள் படத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். உன் அப்பா ஒரு மாதம் உன்னோடு பேசவில்லை. அந்த மாதம் முழுக்க நீ வழக்கம்போல் மிதித்தாய். பின்னால் இருந்த எனக்கு உன் முதுகு மட்டுமே தெரிந்தது. நீ அழுதாயா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதே படத்தைப் பார்த்துத்தான் இரண்டு வருடம் கழித்து சத்துவாச்சாரி மாப்பிள்ளை வந்தார். "வண்டியும் கூட வருங்களா?" என்று அவர் கேட்டதும் உள்ளே நீ சிரித்த சிரிப்பு கூடத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்டது. வண்டியும் உன்னோடு போயிற்று. நான் மறுபடி நடக்க ஆரம்பித்தேன். கற்றுக்கொள் என்று நீ எத்தனை முறை கூப்பிட்டாய். ஒவ்வொரு முறையும் ஒரு சாக்குச் சொன்னவள் நான்.

போன ஐப்பசியில் ஆஸ்பத்திரியில் உன் கட்டிலருகே உட்கார்ந்திருந்தபோதாவது மனம் விட்டுப் பேசியிருக்கலாம். "கால் ஜாஸ்தியா வலிக்குதுடி, கொஞ்சம் பிடிச்சி வுடு" என்றாய். பிடித்துவிட்டேன். நீ தூங்கிவிட்டாய். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று கிளம்பினேன். அந்த நாளை வரவில்லை.

படத்தை உன் மகள் என்னிடமே விட்டுவிட்டுப் போனாள். எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். அன்று ஸ்டூடியோவுக்கு நான் ஏன் புதுத் தாவணி போட்டுக்கொண்டு வந்தேன் என்று நீ கேட்கவே இல்லை.

உன் பக்கத்தில் நிற்கத்தான்.