இடது பக்கத்து எதிரி

பூவம்
ஞாயித்துக்கிழமை

அன்பு மகள் மதிவதனிக்கு அம்மா எழுதுறேன். இங்க நான் நலம், மாடு நலம், உங்கப்பா நலமா இல்லையாங்கிறதச் சொல்லத்தான் இந்தக் கடுதாசி. அங்க நீயும் மாப்பிள்ளையும் அந்தப் பாழாப்போன குளிர்ல ஒழுங்காச் சாப்பிட்டு, காதை மூடிக்கிட்டு வெளில போறீங்கன்னு நம்புறேன். இந்தக் காலத்துல போய்க் கடுதாசியான்னு சிரிக்காத. வீட்ல இருக்கிறது ஒரே வாட்ஸப்பு, அதை உங்கப்பாவும் படிக்கிறாரு. பக்கத்து வீட்டு ஜஸீலா அவ மக பிரசவத்துக்கு உங்க ஊருக்குக் கெளம்புறா, மொளகாப்பொடியோட இதையும் சேத்துக் குடுத்துவிடுறேன்.

போன வாரம் போன்ல அழுதியே, அப்பா நல்லாருக்கியா சாப்டியான்னு கேட்டுட்டு ஒடனே போனை உன்கிட்ட தள்ளிடுறாரும்மா, நான் கனடா வந்ததுல இன்னும் கோவந்தான், சாகுற வரைக்கும் என்கிட்ட பேசமாட்டாருன்னு மூக்கை உறிஞ்சினியே, எனக்கு அன்னிக்குச் சோறு எறங்கல. ஆனா இதை முழுசாப் படிச்சுட்டு அழு.

அறுவடை முடிஞ்சு வயல்ல வேலை இல்லன்னதும் உங்கப்பா, நீ விட்டுட்டுப்போன லேப்டாப்புல துப்பாக்கி வெளையாட்டு ஆட ஆரம்பிச்சுட்டாரு. ஆமாடி, உங்கப்பாதான், எலி மருந்து வைக்கவே மனசு வராத மனுசன். முன்னபின்ன தெரியாத நாலு பேரோட சேந்துக்கிட்டு, வாடா போடான்னு கத்திக்கிட்டு, இங்க வெண்டைக்கா வதங்குறதுக்குள்ள பத்துப் பேரைக் கொன்னுடுறாரு. அதுல எதிரி நடந்து வர்ற காலடிச் சத்தம் எந்தப் பக்கம்னு கேக்கணுமாம், அதுக்கு நல்ல ஹெட்செட் வேணுமாம். டவுன்ல முகைதீன் பிச்சை கடையில போய் ஒண்ணு வாங்கியாந்தாரு. ரெண்டாவது நாளே, இதுல இடது பக்கம் அவிஞ்சுபோச்சு, எவனைப் பாத்தாலும் இடது பக்கமா வந்து சுட்டுட்டுப் போறான்னு திருப்பிக் குடுத்துட்டு, காதையே முழுங்குற மாதிரி பெரிசா இன்னொண்ணு. அதுலயும் இடது பக்கம்தான் சாவு. கூட ஆடுற மதுரைப் பொண்ணு ஒண்ணு அங்கிள் லெஃப்ட்ல வர்றான், லெஃப்ட்ல வர்றான்னு தொண்டை கிழியக் கத்தும், இவரு அதுக்குள்ள செத்துக் கெடப்பாரு. மறுபடி கடைக்குப் போனா, ஹெட்செட்டு மேல தப்பில்லண்ணே, பழைய லேப்டாப்புல சத்தம் நல்லா வராது, தனியா சவுண்டு கார்டு மாட்டுங்கன்னு பிச்சை சொல்ல, சுண்டுவிரல் நீளத்துக்கு ஒண்ண வாங்கியாந்து சொருகினாரு. இப்ப எறும்பு நடந்தாக்கூட கேக்கும் பாருன்னு சவடால் வேற. எறும்பு கேட்டுச்சோ என்னமோ, எதிரி மட்டும் கேக்கல.

எனக்கு வயித்தெரிச்சல் தாங்காம, குடுங்க பாப்போம்னு வாங்கி என் காதுல மாட்டினேன். அடியாத்தீ, இடது பக்கம் மோட்டார் ரூம்ல நிக்கிற மாதிரி குமுறுது. அப்பத்தான் எனக்குச் சந்தேகம் வந்துச்சு. ஹெட்செட்டைக் கழட்டி வச்சுட்டு உக்காந்திருந்தவரு இடது பக்கமாப் போய் நின்னு, உங்கக்கா ஒரு எமகாதகின்னு நல்லா சத்தமாவே சொன்னேன். உன் அத்தையப் பத்தி யாரும் மூச்சு விடக்கூடாது, தெரியும்ல? மனுசன் அசையல. வலது பக்கம் போய் மெதுவாத்தான் சொன்னேன், யாரைடி சொன்னேன்னு துள்ளி எந்திரிச்சாரு.

கல்யாண மணையில ஐயரு இவருக்கு இடது பக்கமா உக்காருன்னாரு, நானும் அன்னையிலேருந்து இடது பக்கந்தான். கோயில்ல, சினிமாவுல, பஸ்ஸுல, படுக்கையில, எல்லாம் அந்தப் பக்கமே. இத்தினி நாளு என் பேச்சை மதிக்காத மனுசன்னு நெனச்சு எவ்வளவு சண்டை போட்டிருப்பேன், ஒரு எழவும் போய்ச் சேரல பாரு. போனையும் அவரு இடது காதுலதான் வைப்பாரு, பாத்திருக்கியா? கையி பழக்கம். மடக்கிக் கேட்டதுக்கு அப்பறம்தான் ஒத்துக்கிட்டாரு. ரொம்ப நாளாவே அந்தக் காது சரியில்லையாம். அப்பறம் ஏன் மனுசா அதுலயே வச்சுத் தொலைக்கிறன்னேன், காதை மாத்தினா நான் கண்டுபுடிச்சுடுவேனாம். மதி பேசுறது கொசகொசன்னு கேக்குது, என்ன சொன்னன்னு திருப்பித் திருப்பிக் கேட்டா அப்பாவுக்குக் காது போச்சுன்னு வேலையை விட்டுட்டு ஓடியாந்துடும், அதான் ரெண்டு வார்த்தையோட குடுத்துடுறேன்னு தரையைப் பாத்துக்கிட்டு சொன்னாரு. கோவமாம் கோவம். உன்மேல கோவப்பட அந்தாளுக்கு எங்கடி தெம்பு? எனக்கு அழுகையா வந்துடுச்சு, அப்பறம் நல்லாத் திட்டினேன், வலது பக்கம் நின்னு.

டாக்டர்கிட்ட போகலாம்னா, ஆட்டத்துல ஜெயிச்சுட்டு வர்றேங்கிறாரு. நீ சொன்னாத்தான் கேப்பாரு. வர்ற ஞாயித்துக்கிழமை போன்ல கூப்புடாத, லேப்டாப்புல கூப்புடு. ஹெட்செட்டை மாட்டி உக்கார வைக்கிறேன், வலது காதுல கணீர்னு விழும். ஆசை தீர பேசிட்டு, கடைசில டாக்டர்கிட்ட போகச் சொல்லு. நான் எழுதினது தெரிய வேணாம்.

நேத்து சாயங்காலம் ஆட்டச் சத்தத்தையே காணோமேன்னு எட்டிப் பாத்தேன். ஹெட்செட்டை மாட்டிக்கிட்டு, நீ அனுப்பின பழைய வாய்ஸ் மெசேஜை எல்லாம் ஒண்ணொண்ணாப் போட்டுக் கேட்டுக்கிட்டு இருந்தாரு. போன தீபாவளிக்கு, அப்பா புதுச்சட்டை போட்டீங்களான்னு கேட்டிருந்தியாமே. போட்டேன்டா தங்கம், நீல கலருன்னு தெருவுக்கே கேக்குற மாதிரி பதில் சொல்லிக்கிட்டு இருக்காரு.

நீயும் மாப்பிள்ளையும் நூறு வருசம் நல்லாருக்கணும், புள்ளகுட்டியோட எங்களைத் திட்டிக்கிட்டே வாழணும். மொளகாப்பொடியை ஈரக் கையால தொடாத.

உன்னைப் பெத்தவ,
தாமரைச்செல்வி நடராசன்