தேவதையின் மூக்கை உடைத்தவன்

மச்சான்,

நேற்று என் மகளின் கலியாணப் பதிவு அந்தப் பழைய கோட்டை மாளிகையில் நடந்தது. நீயும் நானும் அகதிகளாக ஒரே அறையில் கிடந்த அதே மாளிகை. கதவைத் திறந்ததும் தரைக்குப் பூசும் மெழுகின் மணம் மூக்கில் ஏறியது.

எங்கள் அறைதான் இப்போது பதிவு மண்டபம். கூரையெங்கும் தங்கப்பூச்சு, கணப்படுப்பின் மேலே அந்தக் கொழுத்த சுண்ணாம்புத் தேவதை, மூக்கில்லாமல். பதிவாளர் அம்மா பெருமையாகக் கதை சொன்னார். முதலில் பிரபுவின் வீடாம், பிறகு சிறையாம், பிறகு ஏழைகள் விடுதியாம். மூக்கை உடைத்தது எந்தக் காலத்துப் படையினரோவாம். எங்கள் முகாமைப் பற்றி ஒரு சொல் இல்லை. எல்லோரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன்.

நாங்கள் முகாமில் இருந்த அந்தச் சனிக்கிழமை மத்தியானம் ஊர்க்காரர் மைதானத்தில் துப்பாக்கி சுட்டுப் பழகினார்கள். இங்கே அது வழக்கம் என்று எனக்கு யார் சொன்னது? வந்து பத்து நாள்தான். வெடிச் சத்தத்தில் பதறி எழும்பி, கட்டிலின் கழன்ற இரும்புக் காலைத் தூக்கினேன். பின்னால் வந்து நீ தோளைத் தொட்டாய். முதல் வீச்சில் தேவதையின் மூக்கு பறந்தது. இரண்டாவது உன் நெற்றியைப் பிளந்தது. மூன்றாவது இடக்கண்ணில் இறங்கியது. மெழுகுத் தரையில் உன் இரத்தம் வாசல்வரை ஓடியது.

"படியிலை வழுக்கி விழுந்தனான் எண்டு சொல்லுறன். நீ வாயைத் திறந்தியோ, திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்," என்றாய். முகாம் பொறுப்பாளரிடமும் வைத்தியரிடமும் அப்படியே சொன்னாய். உனக்குக் கண் போனது. எனக்கு விசா கிடைத்தது.

பிறகு துன் நகரில் ஒரு ஹோட்டல் குசினியில் ஒற்றைக் கண்ணோடு கோப்பை கழுவினாய். என் மகளைத் தோளில் தூக்கித் திரிந்தாய். போன மாரியில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு, ஒரேயொரு முறை கேட்டாய்.

"மூண்டாவது அடி அடிக்கேக்கை, நான்தான் எண்டு தெரியுமோ?"

"தெரியாது மச்சான்."

நீ தலையாட்டிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பினாய். அந்தக் கிழமையே போய்விட்டாய்.

அந்தச் சனிக்கிழமை காலையில்தான், என் தமையனைச் சுட்ட இயக்கத்தில் நீ இருந்தவன் என்று முகாமில் ஒருவன் சொல்லியிருந்தான். முதல் இரண்டு அடியும் பயத்தில் விழுந்தவை. மூன்றாவதற்கு முன் நீ என் பெயரைச் சொல்லிக் கத்தினாய்.

நேற்று மகளிடம் சொன்னேன்: "அந்த மூக்கை உடைச்சது நான்தான்."

"பகிடி விடாதேங்கோ அப்பா," என்று சிரித்தாள். மிச்சத்தை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. உன்னிடமாவது சொல்கிறேன்.

ஓம் மச்சான். தெரியும்.