வலது குழாய்

ஷிசுவோகா
11 பிப்ரவரி 1996

சிகுசாவுக்கு,

இங்கே நலம். நீயும் நலம் என்று உன் அம்மா சொன்னாள். எழுதச் சொல்லி அவள் வற்புறுத்தியதால்தான் எழுதுகிறேன்.

மே மாத மாடல் கண்காட்சிக்குப் பிளாஸ்டிக்கில் ஒரு ஃபாண்டம் போர் விமானம் செய்துகொண்டிருக்கிறேன். நிஜத்தில் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு அளவு. இறக்கை, மூக்கு, சக்கரம் எல்லாம் முடிந்துவிட்டது. வாலடியில் நெருப்பு கக்கும் இரண்டு புகைக்குழாய்கள்தான் இழுத்தடிக்கின்றன. ஒரு புத்தகத்தில் கறுப்பு, இன்னொன்றில் வெள்ளி, மூன்றாவதில் செம்பு நிறம். மூன்று முறை பெயிண்ட் அடித்து மூன்று முறையும் அழித்துவிட்டேன்.

நீ மெக்கானிக்காக இருப்பது இந்த விமானத்தில்தான் என்று கேள்விப்பட்டேன். நிஜத்தில் அது என்ன நிறம்? ராணுவ ரகசியம் என்றால் எழுத வேண்டாம்.

மொச்சிசுகி தமோத்சு


ஹியாகுரி விமானத்தளம்
25 பிப்ரவரி 1996

அன்புள்ள அப்பாவுக்கு,

மூன்று வருடம் கழித்து உறைமேல் உங்கள் கையெழுத்து. யாருக்கோ உடம்பு முடியவில்லை என்று பயந்துபோய் உடனே அம்மாவுக்குப் போன் போட்டேன். "நான் எங்கடி எழுதச் சொன்னேன்? நாலு நாளா உக்காந்து எழுதி எழுதிக் கிழிச்சுப் போட்டாரு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்" என்றாள்.

நிறத்தைப் பற்றி எங்கள் தலைமை மெக்கானிக் நெகோரோவிடம் அனுமதி கேட்டேன். "பொதுமக்கள் வர்ற நாள்ல ஊரே போட்டோ எடுத்துட்டுப் போகுது, இதுல என்ன ரகசியம்? கறுப்பை மட்டும் அடிச்சு வைக்க வேண்டாம்னு உங்கப்பாகிட்ட சொல்லு" என்றார்.

குழாயைச் சுற்றியிருக்கும் தகடுகளுக்குப் பெயிண்டே கிடையாது, அப்பா. வெறும் உலோகம். சூடு பட்டுப் பட்டு அதுவாக நிறம் மாறும். ஒரு தகடு வைக்கோல் நிறத்தில் இருக்கும், பக்கத்துத் தகடு ஊதா கலந்த பழுப்பு, அதற்கடுத்தது வெறும் சாம்பல். குழாயின் வாயில் விரிந்து சுருங்கும் இதழ்கள் கருமைதான், ஆனால் மையின் கருமை இல்லை. பழகிய இரும்புச் சட்டியின் கருமை. உள்ளே எட்டிப் பார்த்தால் கரி இருக்காது. சாம்பல் பூத்தமாதிரி வெளிறியிருக்கும்.

இன்னொரு விஷயம். முடிதிருத்தும் வாதாவிடம் நான் டோக்கியோவில் ஒரு வங்கியில் வேலை பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறீர்களாம். எந்த வங்கி என்று எனக்கும் சொன்னால் சௌகரியமாக இருக்கும்.

உங்கள் மகள்
சிகுசா


ஷிசுவோகா
20 மார்ச் 1996

அன்புள்ள சிகுசா,

நீ எழுதிய தாளை விளக்கடியில் ஒட்டிவைத்துக்கொண்டு வேலை செய்தேன். முதலில் பளபளக்கும் கறுப்பு, அதன்மேல் வெள்ளி. பிறகு தகடு தகடாக டேப் ஒட்டி மறைத்து, பழுப்பையும் நீலத்தையும் தண்ணீராகக் கரைத்து, அடித்தேனா இல்லையா என்று தெரியாத அளவுக்கு அடித்தேன். இதழ்களுக்குப் பென்சில் கரி. உப்புத்தாளில் உரசிப் பொடியாக்கி, பஞ்சால் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க பிளாஸ்டிக் போய் இரும்பு வந்துவிட்டது. இத்தனை வருடத்தில் என் கைக்கு இரும்பு வந்தது இதுதான் முதல் முறை. அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து பார்த்துவிட்டு, "தொட்டா சுட்டுடும் போல இருக்கே" என்றாள்.

உறைக்குள் போட்டோ வைத்திருக்கிறேன். இரண்டு குழாயும் அச்சு அசலாக ஒன்றுபோல் வர ஒரு வாரம் பிடித்தது. குறை இருந்தால் தயங்காமல் சொல்.

கடைசிப் பறிப்பு ஆரஞ்சு ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். கூட வேலை செய்பவர்களுக்கும் கொடு.

அப்பா


ஹியாகுரி
7 ஏப்ரல் 1996

அன்புள்ள அப்பாவுக்கு,

ஆரஞ்சு அரை மணி நேரத்தில் காலி. போட்டோ இன்னும் கை மாறிக்கொண்டிருக்கிறது. நெகோரோ கண்ணாடியைக் கழற்றிவிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். "உங்கப்பாவை இங்க வேலைக்கே வச்சுக்கலாம். ஆனா ரெண்டு குழாயும் இரட்டைப் பிள்ளைங்க மாதிரி இருக்கு பாரு, அது ஒண்ணுதான் பொய்" என்றார்.

உண்மைதான். இரண்டு எஞ்சினையும் ஒரே நாளில் யாரும் மாற்றுவதில்லை. எங்கள் விமானத்தில் இடது பழசு, அடுப்பில் கிடந்து கிடந்து வெந்தது. வலது ஜனவரியில் வந்தது. இதழ்களில் இன்னும் வெள்ளி தெரிகிறது.

அதைப் பொருத்திய குழுவில் நானும் இருந்தேன். கடைசி போல்ட்டுகளை முறுக்கியது நான்தான். பனியில் விரல் மரத்துப்போய், ஒவ்வொன்றையும் மூன்று முறை சரிபார்த்தேன். விமானம் மேலே போய்த் திரும்பி வரும்வரை ஓடுபாதைப் பக்கமே நின்றேன். விமானி இறங்கி வந்து, "வலது பக்கம் இருக்கிறதே தெரியல, மொச்சிசுகி" என்றார். எங்கள் வேலையில் இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. அன்றைக்கு உங்களிடம் சொல்லத் தோன்றியது. பட்டாளத்துக்குப் போனால் என்னோடு பேசாதே என்று நீங்கள் சொல்லியிருந்ததால் சொல்லவில்லை.

குழாயை மாற்றுவதும் அப்படியே விடுவதும் உங்கள் இஷ்டம். ஒன்றுபோல் இருந்தால்தான் நடுவர்களுக்குப் பிடிக்கும் என்று எனக்கும் தெரியும்.

சிகுசா


ஷிசுவோகா
20 மே 1996

அன்புள்ள சிகுசா,

கண்காட்சி முடிந்தது. எனக்குப் பரிசு இல்லை. சக்கரமெல்லாம் சேறு பூசிய ஒரு ஹெலிகாப்டருக்குப் போய்விட்டது. சேறு நன்றாகத்தான் இருந்தது.

வலது குழாயை அழித்துவிட்டு, ஜனவரியில் வந்த எஞ்சினாக மறுபடி செய்தேன். நடுவர் குனிந்து பார்த்து, "மத்ததெல்லாம் கண்ணுல ஒத்திக்கலாம், மொச்சிசுகி சார். கடைசியில அவசரப்பட்டுட்டீங்களே. ரெண்டு குழாயும் ஒத்துப்போகல" என்றார்.

"அவசரமில்ல. வலது எஞ்சின் ஜனவரியில மாத்தினது. மாத்தினது என் பொண்ணு" என்றேன்.

பக்கத்தில் வாதா நின்றிருந்தான். "யாரு, வங்கியில இருக்கிற பொண்ணா?" என்று கேட்டான்.

"எனக்கு ஒரே பொண்ணுதான். அவ வங்கியில இல்ல, ஃபாண்டத்துக்கு எஞ்சின் மாத்துறா. நான்தான் உன்கிட்ட பொய் சொன்னேன்."

"இதை ஏன்யா மூணு வருஷமா மறைச்சே?" என்றான் வாதா. விமானத்தைத் திருப்பி, வலது குழாயை அவனுக்குக் காட்டினேன்.

ஏன் மறைத்தேன் என்று உனக்காவது சொல்ல வேண்டும். ஒரு விமானம் விழுந்தால் கடைசியாகத் தொட்டவளைத்தான் கேட்பார்கள். அந்த பயம் எனக்கு. பயத்தைப் பயம் என்று சொல்லத் தெரியாமல், கோபமாகச் சொல்லி உன்னை அனுப்பிவிட்டேன். தப்பு என்னுடையது.

நடுவர் பூதக்கண்ணாடியோடு திரும்பி வந்து அரை மணி நேரம் நின்றார். அதற்குள் மாடல் செய்யும் மூன்று கிளப்புகளின் ஆட்கள் கூடிவிட்டார்கள். உன்னிடம் கேட்கச் சொல்லி ஆளாளுக்குக் கேள்வி கொடுத்தார்கள். ஆறு கேள்விகளைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். மிச்சத்தை நேரில் கேட்டுக்கொள்கிறேன். ஜூன் முதல் சனிக்கிழமை, காலை ரயிலில் அம்மாவும் நானும் வருகிறோம்.

வாசல் காவலர் யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று கேட்பார் இல்லையா? உன் பதவி என்ன என்று எனக்குத் தெரியவில்லை. எழுதி அனுப்பு. தப்பில்லாமல் சொல்ல வேண்டும்.

அன்புடன்
அப்பா