ஓடியவருக்கு, மறித்தவள் எழுதுவது

அத்தான்,

இன்று காலை எங்கள் கட்டடத்தின் நிலவறையில் உடுப்புத் தோய்க்கும் இயந்திரம் கடைசிச் சுற்றில் உதறிக்கொண்டிருந்தது. அதன் மேல் வைத்திருந்த சவர்க்காரத்தூள் மூடி மெல்ல நகர்ந்து, இடப்பக்கம் வளைந்து, விளிம்புக்குப் போனது. விழட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். உடனே உங்கள் ஞாபகம் வந்தது. ஞாபகம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன், வந்தது கோபம். நீங்கள் போய் இரண்டு வருடமாகிறது. செத்தவரோடு கோபிக்கக் கூடாது என்று அக்கா சொல்கிறாள். நீங்கள் உயிரோடு இருந்தபோதும் கோபிக்க விடவில்லை, இப்போதும் விடாவிட்டால் நான் எப்போதுதான் கோபிப்பது?

நோர்வேயின் வடக்கே பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில் எட்டு வருடம் மீன் வெட்டிவிட்டு, தெற்கே ஹொல்ம்லியாவில் அக்காவும் நீங்களும் இருந்த வீட்டின் சின்ன அறைக்கு நான் வந்த பனிக்காலத்தில்தான் அந்தப் பெட்டியும் வந்தது. அமெரிக்காவில் இருக்கும் உங்கள் தம்பி அனுப்பியது. சாப்பாட்டு மேசையை முழுதாகப் பிடிக்கும் தகரப் பலகை, அதில் கீறிய அமெரிக்கக் கால்பந்து மைதானம், பக்கத்துக்குப் பதினொரு பிளாஸ்டிக் ஆட்கள். சுவிட்சைப் போட்டால் தகரம் அதிரும், ஆட்கள் அந்த அதிர்வில் தாங்களாகவே நகர்வார்கள். பந்து வைத்திருப்பவனை எதிராளி முன்பக்கமாகத் தொட்டால் ஆட்டம் நிற்கும். பந்து வைத்திருக்கும் பக்கம் நான்கு தரத்துக்குள் பத்து அடையாளக் கோடுகள் முன்னேற வேண்டும்.

"இது எங்கடை கிளித்தட்டுத்தான் வதனி. வாரும், இருந்து பாரும்" என்றீர்கள்.

பிழை அங்கேயே தொடங்கியது. கிளித்தட்டில் கோட்டில் நின்று மறிப்பவன் எதிரி. அவன் கைக்குத் தப்பி, அவனுக்கு உச்சிக்கொண்டு ஓடுகிறவன் கெட்டிக்காரன். நீங்கள் ஊரில் பெரிய ஓட்டக்காரராம், அக்கா சொல்லியிருக்கிறாள். அதனால் பலகையிலும் பந்தோடு ஓடுகிறவனை மட்டுமே பார்த்தீர்கள். ஆள் எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாகப் போவான் என்பது அடித்தட்டின் கீழுள்ள மெல்லிய கால்களின் வளைவில் இருக்கிறது; அவனுடைய கால்களையே நாளெல்லாம் வளைத்தீர்கள். மற்றவர்களைக் கோட்டுக்கு ஒருவராகத் தட்டில் நிற்பது போல நிறுத்திவிட்டு, "ஓடுறவன் கெட்டிக்காரனெண்டால் ஆர் மறிச்சும் நிக்காது" என்றீர்கள். ஒவ்வொரு தரமும் பிடிபட்டீர்கள்.

இந்தப் பலகையில் மறிக்கிறவன் உங்கள் ஆள், அத்தான். வழி திறக்கிறவன் அவன்தான். அதைக் கண்டுபிடித்தது நான்.

மறிக்கிறவன் வேகமாக ஓடக்கூடாது என்பதையும் நான்தான் கண்டுபிடித்தேன். வேகமாகப் போகிறவன் எதிராளியைத் தாண்டிப் போய்விடுவான். மெதுவாகப் போய், எதிராளியின் அடித்தட்டு மூலையில் தொட்டு அழுத்தினால் எதிராளி தானாகத் திரும்பி வேறு பக்கம் பார்ப்பான், வழி கிடைக்கும். ஐந்து ஆட்களை எடுத்தேன். அடித்தட்டைச் சுடுதண்ணீரில் இளக்கி, புருவம் பிடுங்கும் சாவணத்தால் ஒவ்வொரு காலையும் மயிரளவு வளைத்தேன். மீன் துண்டுக்குள் கிடக்கும் முள்ளைக் கண்ணால் பார்க்காமலே விரலால் கண்டுபிடித்த கை இது. இரண்டு பேர் நடுவிலிருந்து விலகி வலப்பக்கம் சுற்றி முன்னே போவார்கள், மூன்றாமவன் மூலையைப் பிடித்துக்கொள்வான், மற்ற இருவரும் நடுவை விடாமல் நிற்பார்கள், ஓடுகிறவன் சுற்றிப் போகும் இருவரின் முதுகுக்குப் பின்னால் வருவான். அது சரிவர எனக்கு மூன்று மாதம் பிடித்தது.

நகரத்தில் சனிக்கிழமைகளில் கூடி இதே ஆட்டம் ஆடுகிற நோர்வேக்காரர் பத்துப் பேரை நீங்கள் தேடிப் பிடித்தீர்கள். பலகையில் பக்கத்துக்கு ஒருவர்தான் கை வைக்கலாம் என்பது அவர்களின் சட்டம். நான் சுவரோரக் கதிரையில் தேநீர்ப் போத்தலோடு இருந்தேன். என் ஐந்து பேரை வைத்து நீங்கள் வென்றுகொண்டே போனீர்கள். அவர்களில் மூத்தவரான ஆர்னே ஒருநாள் குனிந்து பார்த்துவிட்டு, "இந்த வரிசையை யார் யோசித்தது?" என்று கேட்டார்.

"நான்தான். பஸ் ஓட்டிக்கொண்டே யோசித்தேன்" என்றீர்கள். எனக்குக் கேட்டது.

திரும்பி வரும் ரயிலில் கேட்டேன். "ஏன் அத்தான் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"நாங்கள் ஒரு வீட்டுச் சனம்தானே. ஆர் வைச்சால் என்ன?"

வசந்தத்தில் கடைசிப் போட்டி. எதிரில் ஆர்னே. கடைசித் தரம், ஒரு கோடுதான் மிச்சம். வலப்பக்க ஓட்டத்துக்கு வைத்தீர்கள். சுவிட்ச் போட்டதும் என் ஐந்து பேரும் விசர் பிடித்தவர்கள் போல எதிராளிகளைத் தாண்டிப் பறந்தார்கள். ஓடுகிறவன் நடுவில் தனியே நின்றான். மூன்று பேர் வந்து மொய்த்தார்கள். முடிந்தது.

நீங்கள் நிமிர்ந்து, என் பக்கம் கை காட்டி, எல்லோருக்கும் கேட்க நோர்வீஜிய மொழியில் சொன்னீர்கள்: "மறிக்கிற ஆட்களைப் பூட்டியது என் மச்சாள். சரிவராது என்று நான் அப்போதே சொன்னேன்." வென்றுகொண்டிருந்த அத்தனை சனிக்கிழமையும் அந்த மண்டபத்தில் நான் ஒருத்தி இருந்ததாகவே நீங்கள் சொல்லவில்லை. தோற்ற நிமிடத்தில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்து அடித்தட்டுகளைக் கழற்றி உங்கள் முன்னால் வைத்தேன். ஒவ்வொரு காலிலும் குறட்டுப் பல்லின் தழும்பு. என் சாவணம் தழும்பு விடாது.

"உது ஆர் செய்தது?" என்று கேட்டேன்.

"ஓம், நான்தான். நீர் வேலைக்குப் போன நேரம் கொஞ்சம் வேகம் குடுத்துப் பாத்தனான். இப்ப என்ன? அடுத்த சனி அவையிட்டைச் சொல்லிவிடுறன்."

அடுத்த சனி உங்களுக்குத் தடிமனும் இருமலும். அதற்கடுத்த சனி மேலதிக வேலை. பிறகும் கேட்டேன். பிறகும் கேட்டேன். கடைசியில், "ஒரு பிளாஸ்டிக் பொம்மைக்கு இவ்வளவு வன்மமோ?" என்று சிரித்தீர்கள். அக்காவும், "விடடி, விளையாட்டுத்தானே" என்றாள். விளையாட்டுத்தான். ஆனால் இந்த நாட்டில் நான் செய்ததெல்லாம் யாரோ சொல்லி, யாரோ நிறுத்துப் பார்த்து வாங்கிய வேலை. ஒருவரும் சொல்லாமல் நானாக யோசித்துச் செய்தது அது ஒன்றுதான். அதைத்தான் நீங்கள் எடுத்தீர்கள், நாசமாக்கினீர்கள், பிறகு என் தலையில் கட்டினீர்கள். அடுத்த மாதம் நகரத்தின் மறுபக்கத்தில், ஹவுகன்ஸ்டுவாவில் அறை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். ஏன் போனேன் என்று நீங்கள் ஒருநாளும் கேட்கவில்லை.

உங்கள் இறுதிச் சடங்குக்கு ஆர்னே வந்திருந்தார். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. என் கையைப் பிடித்து, "அந்தப் போட்டியை நினைத்து நீங்கள் கவலைப்பட வேண்டாம். யாருக்கும் பிழை வரும்" என்றார். நல்ல மனிதர். உங்கள் பிழைக்காக என்னை மன்னித்துவிட்டுப் போனார். பெட்டிக்குள் கிடந்த உங்களை எழுப்பிக் கேட்க வேண்டும் போல இருந்தது.

அக்காவிடம் பலகையைக் கேட்டு வாங்கினேன். புது அடித்தட்டுகள் வரவழைத்து, முதலிலிருந்து வளைத்தேன். போன மாதம் அந்த மண்டபத்துக்குப் போனேன், இந்த முறை ஆட. ஆர்னேக்கு எதிராக வலப்பக்க ஓட்டம் வைத்தேன். சுவிட்சைப் போட்டேன். என் இருவர் ஆறுதலாக, மெல்லச் சுற்றிப் போய் மூலையில் தொட்டார்கள். எதிராளிகள் ஒருவர் பின் ஒருவராகச் சுவரைப் பார்த்துத் திரும்பினார்கள். ஓடுகிறவன் ஒருவர் கையும் படாமல் கடைசிக் கோட்டைத் தாண்டினான். பத்துப் பேரும் கை தட்டினார்கள்.

ஆர்னேயின் கண் கலங்கியிருந்தது. "இந்த ஆட்டத்தை அவரிடம்தானே பழகினீர்கள்?" என்று கேட்டார். எல்லோரும் உங்கள் பெயருக்காகக் காத்து நின்றார்கள்.

அந்தப் பனிக்காலத்தில் பெட்டியோடு வந்த விதிகள் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. எனக்கு ஆங்கிலம் தெரியாது. நாள் முழுக்க பஸ் ஓட்டிவிட்டு வந்து, சீருடையும் மாற்றாமல் பக்கத்தில் இருந்து, அந்தத் தாள்களை வரி வரியாகத் தமிழில் எனக்குச் சொன்னது நீங்கள். விளங்காததைத் திருப்பித் திருப்பிக் கேட்டேன். நீங்கள் ஒருதரம்கூடச் சலிக்கவில்லை. அது இல்லாவிட்டால் எந்தப் பக்கம் ஓடுவது என்றுகூட எனக்குத் தெரிந்திருக்காது.

"இல்லை, ஒருவரிடமும் பழகவில்லை" என்றேன்.

சொல்லும்போது இனித்தது, அத்தான். திருத்திச் சொல்ல வேண்டும் என்று அன்றைக்கே ரயிலில் நினைத்தேன். அதன் பிறகு மூன்று சனிக்கிழமை போய் ஆடிவிட்டு வந்துவிட்டேன். இன்னும் சொல்லவில்லை.