கோணல் தொப்பி

அக்கா,

குட்டிப்பயலுக்கு ஹெல்மெட் போட்டு இரண்டு மாதமாகிறது. பதறாதே, எங்கும் விழவில்லை. ஒரே பக்கமாகப் படுத்துப் படுத்துப் பின்தலை தட்டையாகிவிட்டது. அந்தப் பக்கம் வளர இடம் விட்டுச் செய்த ஹெல்மெட் இது. நாளுக்கு இருபத்து மூன்று மணி நேரம் தலையிலேயே இருக்க வேண்டும். முதல் இரண்டு நாள் அழுது வீட்டை இரண்டாக்கினான். இப்போது அந்த ஹெல்மெட்டாலேயே அவன் அப்பாவின் தாடையில் முட்டிவிட்டுச் சிரிக்கிறான்.

டாக்டர் தலையை அளந்துவிட்டு, "வீட்டுல யாருமே கவனிக்கலையாம்மா?" என்று கேட்டார். நான் குட்டிப்பயலின் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தேன். இவர்தான், "இவ அக்கா டெய்லர். அவங்க மூணாவது மாசமே சொன்னாங்க," என்றார்.

நீ தைத்த தொப்பி ஒரு பக்கமாகவே வழுக்கியது. தையல் சரியில்லை என்றேன். நீ அவன் தலையைத் தடவிப் பார்த்து, "தொப்பி கோணல் இல்லடி, தலைதான்," என்றாய். அதற்கு நான் சொன்னதை இங்கே எழுத மாட்டேன். குழந்தை இல்லாத உன்னிடம் அதை ஒருமுறை சொன்னதே போதும்.

மாலை ஐந்திலிருந்து ஆறு வரைதான் ஹெல்மெட்டைக் கழற்றுவோம். நேற்று அந்த நேரத்தில் உன் தொப்பியைப் போட்டுப் பார்த்தேன். சின்னதாகிவிட்டது, காதுவரைகூட வரவில்லை. ஆனால் உச்சியில் நேராக உட்கார்ந்தது.

புதிது தைக்க வேண்டும். அளவை நான் எழுதி அனுப்பப் போவதில்லை. உன் டேப்பை எடுத்துக்கொண்டு ஐந்து மணிக்கு வா.

உன் தங்கை